இறக்கை முறியும் கணக்கு

விமானத்தின் இறக்கையை முறிப்பதற்காகவே ஒருவன் தன் விடுமுறை முழுவதையும் செலவிட்டான் என்றால் நம் மன்றத்து நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் முறித்தவை யாவும் மடிக்கணினியின் திரையில் பறந்த விமானங்கள். எரிபொருள் செலவில்லை; உயிர்ச்சேதமும் இல்லை. ஆயினும் அந்த விமானங்களை வைத்து நான் துரத்திய கேள்வி விளையாட்டுக் கேள்வி அன்று. அதைச் சொல்லவே ஆசிரியர் குழுவிடம் இந்த மலரில் சில பக்கங்கள் கேட்டு வாங்கினேன்.

இரவு உணவு முடிந்ததும் நம் விடுதியில் சிலர் வானப்போரில் இறங்கிவிடுவதை அனைவரும் அறிவர். சிமுலேட்டர் எனப்படும் பாவனைப் பறப்பு விளையாட்டு அது. அதில் எங்கள் குழுவினர் ஓட்டுவது பழைய சரக்கு. 2001-ஆம் ஆண்டில் ரஷ்யாவிலிருந்து வெளிவந்த 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்' என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போரின் விமானங்களை ஏறக்குறைய அவற்றின் இயல்போடு ஓட்டிப் பார்க்கலாம். ஒருநாள் இரவு, எதிரியைத் துரத்திக் கீழே பாய்ந்த நண்பர் ஒருவர் கைப்பிடியை வெடுக்கென்று பின்னால் இழுத்தார். இடப்பக்கத்து இறக்கை முறிந்து போயிற்று. "இது அநியாயம்! நிரல் எழுதியவனுக்கு எங்கே தோன்றியதோ அங்கே முறித்திருக்கிறான்" என்றார் அவர். "இல்லை, நீ இழுத்த இழுப்புக்கு முறியத்தான் வேண்டும்" என்றார் எதிரணித் தலைவர். வழக்கு முற்றியது. இயற்பியல் படிக்கிறவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னை நடுவராக்கினார்கள். தேர்வு முடிந்து ஊருக்குப் போகும்போது அந்த வழக்கையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனேன்.

என் ஊர் கம்பம்மெட்டு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி உச்சியை அடைந்தால் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். இந்தப் பக்கம் இறங்கிப் பார்த்தால் நெல்லும் திராட்சையும் தென்னையும். அந்தப் பக்கம் ஏலமும் மிளகும் மூடுபனியும். 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்படுவதற்கு முன்பே என் தாத்தா ஏலக்காட்டு வேலைக்கு மலையேறிவிட்டார். அதனால் நாங்கள் கேரளத்துத் தமிழர் ஆனோம். நாங்கள் குடிபெயர்ந்தது ஒரு மலைச்சரிவின் உயரந்தான்; ஏடுகளில் மட்டும் அது வேறு நாடு போல் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் மின்சாரம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. மின்சாரம் இருந்த வேளைகளில் நான் விமானம் ஓட்டினேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விமானம் நேராகவும் மட்டமாகவும் பறக்கும்போது இறக்கைகள் தாங்குவது விமானத்தின் எடையை மட்டுமே. அதை 1 ஜி என்பர். உயரம் குன்றாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கைகள் அந்த எடையைப் போல் இரு மடங்கைத் தாங்கவேண்டும், 2 ஜி. மணிக்கு 540 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில், 382 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மேல்நோக்கி வளைத்தால் வட்டத்தின் அடிப்பகுதியில் 7 ஜி. 70 கிலோ எடையுள்ள விமானி அந்தக் கணத்தில் 490 கிலோவாகத் தன் இருக்கையில் அழுந்துகிறார். கண் இருண்டு வரும். திரையிலும் விளிம்புகள் கறுத்து வருவது அதனால்தான்.

இறக்கை எவ்வளவு தாங்கும்? வடிவமைப்போர் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறார்கள். முதலாவது எல்லைச் சுமை: அதுவரை இழுத்தாலும் விமானத்தின் உடலில் நிலையான வளைவு எதுவும் ஏற்படலாகாது. இரண்டாவது இறுதிச் சுமை: முன்னதைப் போல் ஒன்றரை மடங்கு. அந்தச் சுமையில் வளையலாம், நெளியலாம். மூன்று நொடிக்குள் முறிதல் மட்டும் கூடாது. இந்த ஒன்றரை என்னும் எண்ணைத்தான் உலகம் நம்பிப் பறக்கிறது. அமெரிக்கரின் புகழ்பெற்ற பி-51 மஸ்டாங் போர்விமானம் 8,000 பவுண்டு எடையில் 8 ஜி எல்லைச் சுமைக்கு வடிவமைக்கப்பட்டது. எனவே இறுதிச் சுமை 12 ஜி. ஆனால் அதே விமானம் எரிபொருள் நிரம்பி 10,000 பவுண்டு ஆகிவிட்டால்? இறக்கையின் வலிமை கூடவில்லையே! 64,000 பவுண்டைத் தாங்கும் இறக்கை அதே 64,000 பவுண்டைத்தான் தாங்கும். எல்லை 6.4 ஜி ஆகச் சுருங்குகிறது.

இதுதான் என் முதல் சோதனை. ஒரே உயரம், ஒரே வேகம், ஒரே விமானம். தொட்டியில் மட்டும் ஒருமுறை கால் பங்கு எரிபொருள், மறுமுறை முழுதும். பாய்வது, இழுப்பது, முறிந்தால் குறித்துக்கொள்வது, பதிவை மெதுவாக ஓட்டி வளைவின் ஆரத்தை அளப்பது. ஒருநாளைக்கு இருபது முப்பது முறை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "ஏப்பா, பிளேன ஒடைக்கிறதுக்கா அம்புட்டுத் தூரம் போய்ப் படிக்கிற?" என்றார். அதற்கு நான் விடை சொல்லவில்லை. ஆராய்ச்சி மாணவர் யாருக்கும் அந்தக் கேள்விக்கு விடை தெரியாது.

முடிவு நிரல் எழுதியவர்களுக்குச் சாதகமாகவே வந்தது. எடை கூடிய விமானம் முன்னதாகவே முறிந்தது. வேகம் குறைவாக இருந்தபோது எவ்வளவு இழுத்தாலும் முறியவில்லை. இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் விமானம் தளர்ந்து விழுந்தது. அதுவும் சரியே. தளர்ந்து விழும் வேகத்தைப் போல் இருமடங்கு வேகத்தில் அதிகம் பெறக்கூடியது 4 ஜி. 8 ஜி பெறவேண்டுமானால் ஏறக்குறைய 2.83 மடங்கு வேகம் வேண்டும். விளையாட்டு முதலில் வந்தபோதே இவையெல்லாம் இருந்தன என்று எண்ணவேண்டா. ஆர்வலர் குழு ஒன்று 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 4.10 என்னும் திருத்தத்தில்தான் எடைக்கேற்ற வலிமை எல்லை சேர்க்கப்பட்டது. ஊதியம் பெறாமல் இவ்வளவு நுட்பமாக உழைத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இழுத்த நண்பர் வழக்கில் தோற்றார். தீர்ப்பைத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் ஆரவாரம் கேட்டது.

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் இறக்கை முறிவதற்கு முன் ஓர் ஒலி வருவதைக் கவனித்திருந்தேன். எல்லையைச் சற்றே தாண்டி இழுத்தால் உலோகம் முனகும். முறியாது. ஆனால் அந்த விமானத்தை மீண்டும் இழுத்தால் முன்னைவிடக் குறைந்த சுமையிலேயே முறிந்துவிடும். விளையாட்டுக்கு நினைவு இருக்கிறது! எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. அந்த நினைவு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க இரண்டாம் சோதனை தொடங்கினேன். எல்லைக்கு உட்பட்டே, எரிபொருள் குறைந்த விமானத்தை 6 ஜி வரை இழுப்பது, விடுவது, மீண்டும் இழுப்பது. இருநூறு முறை. கை வலித்ததுதான் மிச்சம். விமானம் அன்று பிறந்தது போலவே இருந்தது. பிறகு எல்லையைத் தாண்டி முனகவைத்த விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கி, மறுபடி பறக்க ஆணையிட்டேன். புத்தம்புது விமானம் வந்து நின்றது.

ஆகவே அந்த விளையாட்டு குற்றத்தை நினைவில் வைக்கிறது, அதுவும் தரையிறங்கும் வரையில். உழைப்பை நினைவில் வைப்பதே இல்லை. உண்மை உலோகம் அப்படியன்று. எல்லைக்கு உட்பட்ட சுமையையும், ஒவ்வொரு முறையையும், அது கணக்கில் எழுதிக்கொள்கிறது. பாட நூல்களில் இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். ஜெர்மானியப் பொறியாளர் அகஸ்ட் வோலர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரயில் வண்டி அச்சுகளை வைத்து இதை முறையாக ஆராய்ந்தார். ஒரே தடவையில் முறிக்க முடியாத சிறு சுமை, இலட்சம் தடவையில் முறித்துவிடுகிறது என்பது அவர் கண்டது.

வானத்தில் இந்தக் கணக்கு தீர்க்கப்பட்ட கதை நம் நாட்டின் அருகாகவே கடந்து போகிறது. உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட், 1952 மே 2 அன்று இலண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் புறப்பட்டுத் தன் சேவையைத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, சிங்கப்பூரிலிருந்து இலண்டன் சென்றுகொண்டிருந்த ஒரு காமெட் கல்கத்தா டம்டம்மில் இறங்கிப் பின் புறப்பட்டது. சில நிமிடங்களில் இடிமழைச் சூறையில் சிக்கி வானிலேயே உடைந்து விழுந்தது. 43 பேர் மாண்டனர். சித்திரை வைகாசியில் வங்காளத்தில் வடமேற்கிலிருந்து அடிக்கும் அந்தச் சூறை எத்தகையது என்பதைக் கல்கத்தா நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் மலைக்காற்று அதற்கு முன் விசிறிக்காற்று. இந்தியாவில் விசாரணை நடந்தது. கட்டமைப்பு உடைந்தது உறுதி. காரணம் கடும் காற்று மோதலாக இருக்கலாம், அல்லது விமானி அளவுக்கு மீறி இழுத்ததாக, கட்டுப்பாட்டை இழந்ததாக இருக்கலாம் என்பது முடிவு. காமெட்டின் கைப்பிடி, நீர்ம விசையால் இயங்குவது. இறக்கையும் வாலும் படும் பாட்டை விமானியின் கைக்குத் தெரிவிப்பதில்லை என்ற குறையும் அப்போது பேசப்பட்டது. என் மேசைமேல் இருந்த நெகிழிக் கைப்பிடியும் அப்படித்தான். 1 ஜிக்கும் 9 ஜிக்கும் அதில் ஒரே கனம்.

அடுத்த ஆண்டு 1954 ஜனவரி 10-ல் ஒரு காமெட் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. ஏப்ரல் 8-ல் இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே. சூறை இல்லை, தவறான இழுப்பு இல்லை. இங்கிலாந்தில் பார்ன்பரோ ஆய்வகத்தார் ஒரு முழுக் காமெட்டைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்தனர். உள்ளே நீரை ஏற்றி அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு பறப்பு. காற்றை ஏற்றினால் உடையும்போது வெடித்துச் சிதறும். நீரானால் விரிசல் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். எளிமையான இந்த அறிவை எண்ணி எண்ணி வியக்கிறேன். அந்த விமானம் ஏற்கனவே 1,221 முறை பறந்தது. தொட்டியில் 1,836 முறை. மொத்தம் 3,057-ல் விமான உடலின் திறப்பு ஒன்றின் மூலையருகே விரிசல் பிறந்து கிழித்துக்கொண்டு ஓடியது.

இதில் என்னை உறங்கவிடாத செய்தி இனிமேல்தான் வருகிறது. விமானத்தைக் கட்டியவர்கள் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. உடலின் முன்பகுதி ஒன்றை 16,000 தடவைக்கு மேல் அழுத்திப் பார்த்திருந்தார்கள். அது தாங்கியது. ஏன் தாங்கியது? அதே துண்டை முன்னொரு சோதனையில் இயல்பான அழுத்தத்தைப் போல் இருமடங்குக்கு ஏற்றியிருந்தார்கள். அந்த மிகைச் சுமையில் மூலைகளிலிருந்த உலோகம் சற்றே நெளிந்து, பின்னர் சுமை நீங்கியதும் அந்த இடம் இறுகிக்கொண்டது. அதனால் சோர்வை எதிர்க்கும் ஆற்றல் அந்தத் துண்டுக்கு மட்டும் கூடிவிட்டது. பயணிகளைச் சுமந்த விமானங்களுக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. வலிமையைச் சோதித்த சோதனையே ஆயுளைச் சோதித்த சோதனையைப் பொய்யாக்கிவிட்டது. நேர்மையானவர்கள் நேர்மையாகச் செய்த சோதனை அது.

ஒரு போர்விமானத்தின் கதையையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் வானப்போர் வீரர்கள் என்னை விடமாட்டார்கள். 2007 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பயிற்சிப் போரில் ஈடுபட்டிருந்த எஃப்-15சி விமானம் ஒன்று ஏறக்குறைய 7.8 ஜி திருப்பத்துக்குப் பின் வானிலேயே இரண்டாக உடைந்தது. விமானி காயங்களுடன் குதித்துத் தப்பினார். அந்தச் சுமை அந்த விமானத்துக்கு அனுமதிக்கப்பட்டதே. ஆராய்ந்தபோது, விமானியின் இருக்கையை ஒட்டி நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டம் ஒன்று, வரைபடத்தில் குறித்த தடிமனுக்குக் குறைவாகவே தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தது தெரிந்தது. பல ஆண்டுப் பறப்பில் அங்கே விரிசல் வளர்ந்திருந்தது. எத்தனையோ விமானிகள் அந்த விமானத்தை இழுத்திருப்பார்கள். அன்று இழுத்தவர் கையில் அது உடைந்தது.

இவற்றையெல்லாம் படித்தபின் விடுதி நண்பருக்கு ஒரு யோசனை சொன்னேன். நம் விமானங்களுக்கும் நாமே ஒரு பேரேடு எழுதினால் என்ன? ஒவ்வொரு பறப்பிலும் எத்தனை ஜி எத்தனை முறை என்று குறித்து, கூட்டுத்தொகை நிரம்பியதும் விமானம் முறிந்ததாக வைத்துக்கொள்வோம் என்றேன். அவர் ஒப்பவில்லை. "அப்படியானால் கடைசியாக ஓட்டியவன் தோற்பான். அவன் 3 ஜி கூட இழுத்திருக்கமாட்டான். அவன் செய்த பிழை என்ன? இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

அவர் கேட்ட கேள்வி எங்கள் வீட்டில் முன்பே கேட்கப்பட்ட கேள்வி.

என் தந்தை டிரிப் ஜீப் ஓட்டுநர். விடியற்காலை நான்கு மணிக்கு மலையிறங்கிக் கம்பத்திலும் புதுப்பட்டியிலும் ஏலக்காட்டு வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு வெளிச்சம் வருமுன் மேலே திரும்பவேண்டும். ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்பது பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதை நான் எழுதினால் மலர் ஆசிரியர் நம்பமாட்டார். மலைப்பாதையை அறிந்தவர்கள் மட்டும் நம்புவார்கள். கூலி நாளைக்கு நாள். ஒரு ஜீப்பை விட்டால் மறு ஜீப்புக்குள் தோட்டத்தில் பெயர் எழுதி முடிந்துவிடும். "ஏறிக்கிறேன் அண்ணே, ஓரமா நின்னுக்கிறேன்" என்று கெஞ்சுகிறவரை எப்படி இறக்கிவிடுவது என்பார் அப்பா. ஏற்றாவிட்டால் உரிமையாளர் விடமாட்டார் என்பதை அவர் சொல்லமாட்டார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள், வழக்கத்தைவிடக் குறைவான ஆட்களோடு, வழக்கத்தைவிட மெதுவாக ஏறிக்கொண்டிருந்த ஜீப்பின் பின்பக்க ஸ்பிரிங்கில் மெயின் பட்டை முறிந்தது. வண்டி பள்ளத்தின் பக்கமாகச் சாய்ந்து சுவரில் இடித்து நின்றது. தெய்வாதீனம். பெண்கள் இறங்கி நடந்தே மேலே போனார்கள். அன்றைய கூலி போயிற்று. ஜீப்பின் உரிமையாளரோ, "நேத்து வரைக்கும் நல்லா ஓடுன வண்டி. நீ எதுலயோ விட்டு ஏத்திருக்க" என்று பழுதுச் செலவை அப்பாவின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். நேற்று வரை நன்றாக ஓடியது! காமெட்டும் அப்படித்தானே ஓடியது?

கம்பத்துப் பட்டறைக்காரர் முறிந்த பட்டையை என் கையில் கொடுத்து, "தம்பி, படிச்சவகதான, இதப் பாருங்க" என்றார். முறிந்த முகத்தில் பாதி கறுத்துத் துருவேறி வழவழப்பாக இருந்தது. மறுபாதி பொடிப்பொடியாகச் சர்க்கரை போல் மின்னியது. "கறுத்தது பழைய முறிவு. உங்கப்பா ஒடச்சது இந்த மின்னுற பாதிதான். மிச்சத்த யார் யாரோ, எப்பவோ ஒடச்சிட்டாங்க" என்றார். உலோகச் சோர்வைப் பற்றி நான் படித்த எந்த நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்தத் துண்டை அப்பா உரிமையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார். "இரும்பக் காட்டிக் கதை சொல்லாத" என்று விடை வந்தது. பிடித்தம் மூன்று வாரம் நடந்தது. பட்டை எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்க வந்து சேர்ந்தது. அதை இந்த முறை கையோடு எடுத்து வந்திருக்கிறேன். ஆய்வகத்து உருப்பெருக்கியில் வைத்தால், துருவுக்கு அடியிலும், கடல் பின்வாங்கிய மணலில் அலை விட்டுச் சென்ற கோடுகள் போன்ற வரிகள் தெரிகின்றன. விரிசல் நின்று நின்று வளர்ந்த அடையாளம் அவை. விரும்புவோர் வந்து பார்க்கலாம்.

சுமையைச் சற்றுக் கூட்டினால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. விமானக் கட்டமைப்புகளில் சோர்வுச் சேதம் பெரும்பாலும் தகைவின் நான்காம் படியோ ஐந்தாம் படியோ போல் ஏறுகிறது. நான்கு என்றே வைத்துக்கொள்வோம். சுமை 20 விழுக்காடு கூடினால் சேதம் 20 விழுக்காடு கூடுவதில்லை, இருமடங்காகிறது. இருமடங்கு சுமையானால் பதினாறு மடங்கு. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் சாலைகளை அமைத்து அவற்றின்மேல் சரக்கு வண்டிகளை ஓட்டிச் சோதித்தபோது சாலைக்கும் ஏறக்குறைய இதே நான்காம் படிதான் என்று கண்டார்கள். பட்டையும் தேய்கிறது, பாதையும் தேய்கிறது. பள்ளம் விழுந்த பாதை பட்டையை மேலும் அடிக்கிறது. திடீரென்று வந்து அமரும் சுமை, மெல்ல வைத்த சுமையைப் போல் இருமடங்கு தகைவைத் தரும் என்பது முதலாண்டுப் பாடம்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, பேரேடு எழுதுவோம். ஆனால் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் எப்படி எண்ணுவது? வானப்போரில் 5-லிருந்து 2-க்கு இறங்கி, 3-க்கு ஏறி, மறுபடி 1-க்கு இறங்கினால் அது ஒரு முறையா, இரண்டு முறையா?" என்றார். பொறியியல் மாணவர் அல்லரோ! நல்ல கேள்வி. இதற்கு மட்சுயிஷி, எண்டோ என்னும் ஜப்பானியர் இருவர் 1968-ல் ஒரு வழி சொன்னார்கள். சுமையின் ஏற்ற இறக்கத்தை வரைந்த தாளைச் செங்குத்தாகத் திருப்பினால் அடுக்கடுக்கான கோயிற்கூரை போல் தெரியும். அதன்மேல் மழை பெய்து கூரைக்குக் கூரை வழிந்தோடுவதாக நினைத்து, ஒவ்வொரு ஓட்டமும் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று எண்ணவேண்டும். மழையோட்ட எண்ணிக்கை என்று பெயர். எங்கள் ஊர்த் தகரக் கூரையிலிருந்து ஆனி மாதத்து மழை வழிவதைப் பார்த்துக்கொண்டே அதைப் படித்தேன். ஒரே மூச்சில் விளங்கிற்று.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இராமக்கல்மெட்டு இருக்கிறது. பள்ளத்தாக்குக் காற்று வந்து மோதும் அந்த முகட்டில் காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு அலகும் தன் எடையாலேயே ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் வளைகிறது. ஆண்டுக்கு எத்தனை சுற்று! அவற்றை வடிவமைப்போர் முதல் நாளே இந்தப் பேரேட்டை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். போர்விமானங்களிலும் அப்படியே, ஒவ்வொரு பறப்பின் ஜி அளவும் பதிவாகிறது. நம் தேஜஸ் போன்ற விமானத்தில் விமானி எவ்வளவு இழுத்தாலும் 8 ஜிக்கு மேல் போகாமல் கணிப்பொறியே தடுத்துவிடும். வளைவில் ஏறும் ஜீப்புக்கு அப்படி ஒரு கணிப்பொறியும் இல்லை, பேரேடும் இல்லை.

பேரேட்டின் விதிகளை இப்போது வகுத்திருக்கிறோம். உண்மை மஸ்டாங்கின் ஆயுள் எண்ணை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பருவத்துக்குள் முடிவு தெரியவேண்டுமே என்று நாங்களாகவே ஓர் எண்ணை வைத்துக்கொண்டோம். 8 ஜி இழுப்பு ஒன்றுக்கு இருநூறில் ஒரு பங்கு ஆயுள். மற்றவை நான்காம் படிப்படி. 4 ஜி இழுப்புக்கு அதில் பதினாறில் ஒன்று. 6 ஜிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. கூட்டுத்தொகை 1 ஆனதும் விமானம் முறிந்தது. பழைய பாம்கிரென், மைனர் விதிதான். குறைகள் உள்ள விதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய இழுப்பு முன்னே வந்ததா பின்னே வந்ததா என்பதை அது பார்ப்பதில்லை. காமெட்டின் சோதனைத் துண்டு அதைத்தான் பார்க்கச் சொன்னது. அடுத்த பருவத்தில் அதையும் சேர்க்க எண்ணம்.

மூன்று விமானங்களுக்குப் பேரேடு திறந்தோம். முதலாவது பத்தே நாளில் முறிந்தது. அதை ஓட்டியவர்களின் பெயரைச் சொன்னால் விடுதியில் எனக்கு இடமில்லை. இரண்டாவதைப் பயந்து பயந்து ஓட்டுகிறார்கள், 0.22-ல் இருக்கிறது. மூன்றாவது 0.61. வெள்ளிக்கிழமை இரவில் மன்ற அறையில் பேரேடு இருக்கும். எவரும் வந்து எந்த விமானத்தையும் எடுக்கலாம். எடுப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். 7 ஜிக்கு மேல் இழுத்தவர்கள் இறங்கியதும் கையொப்பமிடவேண்டும். முறிந்த அன்று எல்லோருக்கும் தேநீரும் வடையும் வாங்கித்தருவது வழக்கமாயிருக்கிறது. அந்தச் செலவை முறிந்தபோது ஓட்டியவர் தலையில் கட்டுவதா என்று நீண்ட விவாதம் நடந்தது. பேரேட்டைப் பார்த்து அவரவர் சேர்த்த பங்கின்படி பிரித்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. முதல் விமானத்தின் கணக்கில் எனக்கு வந்தது மூன்று ரூபாய் நாற்பது காசு.